இளநாயும் பொதுத்திடலும்

"நாயைப் பற்றி எழுதுதற்கோ தமிழ் சிறப்புவகுப்பிற் சேர்ந்தீர்?" என்று என் அறைத்தோழர் ஒருவர் இக்கட்டுரையின் தலைப்பைக் கண்டு நகைத்தார். அவர்க்கு யான் கூறிய விடையையே ஈண்டும் முதற்கண் கூறுகின்றேன். ஆசிரியர் தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்குங்கால் நாயை விட்டொழித்தாரல்லர். நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைக்கும் குருளை என்னும் பெயரை உரிமையாக்கினார். புலியின் மகவுக்கு வழங்கிய பெயரை நாயின் மகவுக்கும் வழங்க அவர் பின்வாங்கவில்லை. சங்கச் சான்றோரோ ஞமலி என்றும் ஞாளி என்றும் அதனைப் பாடினர். வடுகரொடு திரிந்த சினமிக்க நாயைக் கதநாய் என்றனர். நாலடியார் ஒருபடி மேற்சென்று, தன்மேல் எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் தலைவனைக் கண்டு வால்குழைப்பது நாயென, நட்பிற்கு அதனை அளவுகோலாக்கிற்று. ஆதலின், நாயைப் பற்றி எழுதுதல் தமிழுக்கு இழிவாகாது. அதனை வளர்ப்போர் அறியாமையால் இழைக்கும் தீங்கைப் பற்றி எழுதாதிருத்தலே இழிவாகும். அவ்வறியாமையில் யானும் பங்குடையேன் என்பதை ஒளிக்கமாட்டேன்.

எம்மூர் விருத்தாசலம். பண்டு திருமுதுகுன்றம் எனப் பெயர்பெற்ற அவ்வூரை இன்று பீங்கான் நகரமெனப் பலரும் அறிவர். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசினர் நிறுவனமும், அகல்விளக்கும் பொம்மையும் பிறவும் செய்யும் சிறு தொழிற்கூடங்களும் அங்குள்ளன. என் தந்தையார் அவற்றுள் ஒன்றில் அச்சுவார்க்கும் வேலையிலிருக்கின்றார். ஊரைச் சூழ முந்திரித் தோப்புகள் மிகுதி. அத்தோப்புகளுள் ஒன்றைக் காக்கும் பெரியவர் ஒருவர், முந்திய ஆண்டு புரட்டாசித் திங்களில், ஆறு வாரமே நிரம்பிய நாட்டுக் குருளையொன்றை எம் இளையாளுக்குக் கொடுத்தார். மணிமுத்தாற்றை எண்ணி அதற்கு முத்து என்று பெயரிட்டோம்.

பார்வோ என்னும் கொடிய குடற்கழிச்சல் நோய்க்கு அஞ்சி, தடுப்பூசிகள் எல்லாம் முடியுமளவும் முத்துவை வீட்டுப்படி தாண்ட விடவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையும் அதற்குத் துணையாயிற்று. நான்கு திங்கள் நிரம்பிய பின்னரே அது தெருவைக் கண்டது. நன்மை செய்தோமென்றே எண்ணியிருந்தோம். நாயின் வளர்ச்சியை ஆராய்ந்த ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றுண்டு. பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையே குருளை உலகத்தோடு எளிதிற் பழகும் காலமென்று அவர்கள் கண்டனர். அக்காலத்தே அது கண்டும் கேட்டும் முகர்ந்தும் பழகியவை பின்னர் அதற்கு இயல்பாகத் தோன்றும். காணாதவை அச்சம் தரும். எம் முத்து அக்காலத்தில் கண்ட நாய்கள், தன்னோடு பிறந்தனவும் தன்னை ஈன்றதுமேயன்றிப் பிறவல்ல. நோய்க்கு அஞ்சுவதும் வேண்டும், பழக்குவதும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே வழியின்றோ எனின், உண்டு. விலங்கின் நடத்தையை ஆராயும் அமெரிக்க மருத்துவர் சங்கம், முதல் தடுப்பூசி இட்டு ஏழு நாள் கழிந்தபின், ஏழெட்டு வார அகவையிலேயே தூயதோர் இடத்திற் குருளைகளைப் பழக்கத் தொடங்கலாம் என்கின்றது. தரையில் விடாமல் கையிலேந்திச் சென்று கடைத்தெருவையும் பிற நாய்களையும் தொலைவிலிருந்து காட்டியிருக்கலாம். இதனை யாம் அறிந்தபோது காலம் கடந்திருந்தது.

கோடை விடுமுறைக்கு யான் ஊர் சென்றபோது முத்துவுக்கு அகவை பத்துத் திங்கள். மாலைதோறும் அதனைக் கயிற்றிற் பிணித்து, ஊர்ப்புறத்துத் திடலொன்றுக்கு அழைத்துச் செல்வேன். ஒருநாள் லேபரடார் இனத்துப் பெருநாயொன்று, கயிறின்றி, அம்பெனப் பாய்ந்து எம்மை நோக்கி வந்தது. அதற்குரியவர் நூறடித் தொலைவில் கைப்பேசியிற் பேசிக்கொண்டே, "பயப்படாதீர்கள் தம்பி, ஒன்றும் செய்யாது, விளையாடத்தான் வருகிறது!" என்று கூவினார். அவர் கூறியது பொய்யன்று. அந்நாய்க்குக் கடிக்கும் எண்ணம் சிறிதுமில்லை. ஆயின் அது நேரே வந்து முத்துவின் தோள்மேல் தன் மோவாயை ஊன்றியது, பின் அதன்மேல் ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. முத்து முகத்தை அப்பால் திருப்பியது, மூக்கை நக்கியது, கொட்டாவி விட்டது, தரையை முகர்வது போற் குனிந்தது, இறுதியில் என் கால்களுக்குப் பின்னே ஒடுங்கியது. யானோ கயிற்றை இறுகப் பற்றி நின்றேன். அப்பொழுது முத்து உறுமியது. நாணத்தால் யான் செய்தது யாது? "சீ, சும்மா இரு!" என்று அதன் தலையில் அடித்தேன்.

அடுத்த வாரம் அதே நாய் மீண்டும் வந்தது. இம்முறை முத்து உறுமவில்லை. ஓசையின்றிப் பாய்ந்து அந்நாயின் காதைக் கவ்விக் கிழித்துவிட்டது.

குருதியைக் கண்ட உரியவர் சினந்ததில் வியப்பில்லை. காதைத் தைத்த செலவை என் தந்தையார் கொடுத்தார். அது அவர்தம் மூன்று நாட் கூலி. வீட்டுக்கு வந்து, "கடிக்கிற நாயை வைத்துக்கொண்டு தெருவில் தலைகாட்ட முடியாது. தோப்புக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றார். தோப்பில் அதற்குக் காத்திருந்தது யாதென யாம் அறிவோம்: ஒரு மரம், ஒரு சங்கிலி, எஞ்சிய வாழ்நாள் முழுதும். எம் இளையாள் இரண்டு நாள் உண்ணவில்லை. கிறிஸ்துமஸ் வரையில் தவணை தருமாறு தந்தையாரை யான் வேண்டினேன். "அதற்குள் இன்னொன்றைக் கடித்தால்?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. ஆயினும் தவணை தந்தார்.

அத்தவணைக் காலத்திற் கற்றவற்றின் பயனே இக்கட்டுரை.

முதலாவதாக, உறுமுதல் குற்றம் என்னும் நம்மவர் எண்ணத்தை மறுக்க விரும்புகின்றேன். முகம் திருப்புதலும், மூக்கை நக்குதலும், உறக்கமின்றியே கொட்டாவி விடுதலும், வாலைத் தாழ்த்துதலும், கண்ணின் வெண்மை தோன்றக் கடைக்கண்ணால் நோக்குதலும் நாயின் மொழியில் "வேண்டா, சற்று விலகு" என்னும் வேண்டுகோள்கள். துரீத் ருகாஸ் என்னும் நார்வே நாட்டுப் பெண்மணி இவற்றைத் தொகுத்து நூலாகவே எழுதியுள்ளார். இவ்வேண்டுகோள்கள் ஏலாதபோதே நாய் உறுமுகின்றது. உறுமல் கடித்தற்கு முந்திய எச்சரிக்கை. கடியாதிருத்தற்பொருட்டு நாய் மேற்கொள்ளும் முயற்சி. அதனை அடித்து அடக்கினால் அச்சம் அடங்குவதில்லை. எச்சரிக்கை மட்டுமே அடங்குகின்றது. முதல் வாரத்தில் முத்து பேசிற்று. பேசாதே என்று கற்பித்தவன் யான். இரண்டாம் வாரத்தில் நேர்ந்ததற்குப் பொறுப்பு அதனுடையதினும் என்னுடையதே மிகுதி. குரைக்கிற நாய் கடிக்காது என்னும் பழமொழியை நம்பிக் கைநீட்டுவோர்க்கும் ஒன்று சொல்வேன்: குரைக்கின்ற நாயும் கடிக்கும். குரைப்பை மதித்து விலகியோரைக் கடிப்பது அரிது என்பதே அதிலுள்ள உண்மை.

இனி, "நாய்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ளும், நாம் தலையிடலாகாது" என்பார் பலர். இக்கூற்றில் ஒருபங்கு உண்மையுண்டு. முதிர்ந்த நல்ல நாயொன்று, வரம்பு மீறிய குருளையைச் சிறிது சீறி அடக்குவதும், குருளை அதனாற் பண்பு கற்பதும் யாண்டும் காணக்கூடியன. ஒவ்வொரு சிறு பூசலுக்கும் ஓடிச்சென்று குருளையைத் தூக்கிக்கொள்வோர் அதனைக் கோழையாக்குவர். ஆயின் தீர்த்துக்கொள்வதற்கு இருதிறத்தார்க்கும் விலகிச் செல்லும் உரிமை வேண்டுமன்றோ? கயிற்றிற் கட்டுண்ட நாய்க்கு அவ்வுரிமை யாது? ஓட இயலாத அதற்கு எஞ்சிய வழி பல்லொன்றே. அதன்மேலும், நாம் அச்சத்தாற் கயிற்றை இறுக்குங்கால், "வருவது தீயது" என்ற செய்தி அக்கயிற்றின் வழியே நாய்க்குச் செல்கின்றது. பெருநாய்க்கு உரியவர் தம் நாயை அழைத்தார், அது வரவில்லை. யான் என் நாயை இழுத்தேன், அது போக இடமில்லை. இந்நிலையில் "தீர்த்துக்கொள்க" என்பது நடுவுநிலை ஆகாது.

விளையாட்டையும் வன்முறையையும் பிரித்தறிதல் அரிதன்று. நட்புடைய நாய் நேரே பாய்வதில்லை. வளைந்து பக்கவாட்டில் வரும். சிறிது முகர்ந்து விலகும். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி வணங்குவதுபோல் நிற்குமாயின் அது விளையாட்டுக்கு அழைப்பு. துரத்துவதும் துரத்தப்படுவதும் முறைமாறி நிகழும். இடையிடையே இரண்டும் நின்று மூச்சுவாங்கும். ஒன்றே எப்போதும் மேலேறுவதும், ஒன்றே எப்போதும் ஒடுங்குவதும் விளையாட்டாகா. ஐயம் தோன்றின், மேலேறும் நாயை ஒரு கணம் பிடித்து நிறுத்திப் பார்க்க வேண்டும். மற்றது மீண்டும் அதனிடமே துள்ளி வருமாயின் அதற்கும் விருப்பமுண்டு. விலகி ஓடுமாயின் ஆட்டம் அன்றே முடிந்தது.

முத்துவின் அகவையையும் யாம் கருதவில்லை. எட்டுத் திங்கள் முதல் ஓராண்டு வரை நாய்க்கும் விடலைப் பருவமுண்டு. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தலைமையில் 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, ஐந்து திங்களிற் சொன்னபடி கேட்ட நாய்கள் எட்டாந் திங்களில் தம்மை வளர்ப்போர் சொல்லைக் கேளாதிருந்தன என்றும், அயலார் சொல்லுக்கு அவ்வாறில்லை என்றும், ஓராண்டு நிரம்புங்கால் நிலைமை சீர்ப்பட்டது என்றும் கண்டது. இதனை வீட்டில் யான் படித்துக் காட்டியபோது என் தாயார் என்னையே உற்று நோக்கியதற்குக் காரணம் எனக்கு விளங்கவில்லை.

அச்சத்தை மாற்றும் முறை புதிதன்று. மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் மூன்று வயதுக்குட்பட்ட சிறுவனைக் குறிக்கின்றார். அவன் விருப்பமான உணவை உண்ணும்போது, கூட்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தனர். அவன் அமைதி கெடாதவாறு நாளடைவில் சிறிது சிறிதாக அணுக்கினர். முடிவில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். நாய்க்கும் இதுவே வழி. யாம் அவித்த கோழி ஈரலைச் சிறு துண்டுகளாக்கி மடியிற் கட்டிக்கொண்டோம். திடலுக்குள் செல்லாமல், பிற நாயைக் கண்டும் முத்து அமைதியாய் உண்ணக்கூடிய தொலைவில் நின்றோம். தொடக்கத்தில் அத்தொலைவு ஏறத்தாழ எண்பது அடியாயிருந்தது. நாய் தோன்றும்போது ஈரல் தோன்றும். நாய் மறையும்போது ஈரலும் மறையும். முத்து உண்ண மறுக்குமாயின், மிக அணுகிவிட்டோம் என்பது பொருள், உடனே பின்வாங்குவோம். ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்பதும் தவறு. மெல்ல நடந்துகொண்டேயிருப்பது நன்று. "வா" என்றவுடன் திரும்பி எம்மோடு நடக்க முதலில் வீட்டு முற்றத்திலும், பின் தெருவிலும், பின்னரே திடலோரத்திலும் பழக்கினோம்.

இவ்வளவும் செய்யும்போது ஒரு பெருநாய் மீண்டும் பாய்ந்து வருமாயின் மாதக்கணக்கான உழைப்பு ஒரு நொடியிற் கெடும். ஆதலின் இடைநின்று தடுத்தல் வளர்ப்போன் கடமை. முத்துவைப் பின்னிறுத்தி, யான் முன்னின்று, கையை நீட்டி "நில்!" என்று உரத்துச் சொல்வேன். நில்லாதாயின் ஒருபிடி ஈரலை அதன் முகத்துக்கு முன்னே தரையில் வீசுவேன். லேபரடார் இனம் உணவைக் கண்டால் உலகை மறக்கும் என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை. அது பொறுக்கும் பொழுதில் யாம் அகன்றுவிடுவோம். தம் நாய்க்கு ஈரல் தின்னக் கொடுத்தேனென்று சினந்தவரும் உண்டு. அவர் கயிறொன்று வாங்கியிருப்பின் எனக்கும் ஈரல் மிஞ்சியிருக்கும். தெருநாய்க் கூட்டங்களிடம் இம்முறையெல்லாம் செல்லா. அவை தம் எல்லையைக் காப்பன. அங்கே கல்லெடுக்காமல் வேறு தெருவிற் செல்வதே அறிவு. நம் கல்லூரி வளாகத்து நாய்களைப் பற்றியும், கல்வி நிலையங்களிலிருந்து தெருநாய்களை அகற்றுமாறு 2025 நவம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைப் பற்றியும் எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். என்னிலும் வல்லார் எழுதுக.

என் தந்தையார் முதலில் இம்முறையை நகையாடினார். "நாலு போட்டால் தானாய் அடங்கும், ஈரலுக்கு வேறு காசா?" என்றார். ஒருநாள் யான் அவரிடம், வார்த்த பண்டத்தை ஈரம் உலராமுன் சூளையிலிட்டால் என்னாகும் என்று கேட்டேன். "வெடித்துப்போகும்" என்றார். யான் வேறொன்றும் சொல்லவில்லை; அவரும் சொல்லவில்லை. மறுநாள் ஈரல் வாங்கி வந்தவர் அவரே. கல்லூரி திறந்து யான் வந்துவிட்டபின், மாலைதோறும் எம் இளையாளோடு திடலோரம் வரை நடந்ததும் அவரே.

இனி யான் வற்புறுத்த விரும்பும் கருத்து இது. பொதுத்திடலில் நாயின் நடத்தைக்கு உரிய விதியை, "என் நாய் கடிக்குமோ, கடியாதோ" என்ற வினாவைக்கொண்டு வகுத்தலாகாது. "அழைத்தால் என் நாய் வருமோ, வாராதோ" என்ற வினாவைக்கொண்டே வகுத்தல் வேண்டும். அழைத்தும் வாராத நாயைக் கயிறின்றி விடுதற்கு, அது எத்துணை நல்ல நாயாயினும், எவர்க்கும் உரிமையில்லை. அதன் அன்பை விரும்பாத நாய்களும் உண்டு. விரும்பாத மனிதரும் உண்டு. நாய்க்கு அஞ்சும் சிறுமிக்கும், தடியூன்றி நடக்கும் முதியவர்க்கும், "ஒன்றும் செய்யாது" என்னும் உறுதிமொழி எத்துணைப் பயனுடையது? 2024 மே 5ஆம் நாள் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவொன்றில், கயிறின்றி விடப்பட்ட ராட்வைலர் நாய்கள் இரண்டு ஐந்து வயதுச் சிறுமியொருத்தியைக் கடித்துக் குதறிய செய்தியை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன் பின்னரே கயிறும் வாய்ப்பூட்டும் உரிமமும் வேண்டுமென்று மாநகராட்சி வற்புறுத்தலாயிற்று. பெங்களூர்க் கப்பன் பூங்காவிலோ, சிலர் நாய்களைக் கயிறின்றி விட்டதையும் அசுத்தம் நீக்காமற் சென்றதையும் காட்டி, 2022ஆம் ஆண்டில் நாய்களையே உள்ளே விடலாகாது என்றொரு முயற்சி எழுந்து, நாய் வளர்ப்போரின் எதிர்ப்பினால் நின்றது. சிலருடைய கவனமின்மைக்குப் பலருடைய நாய்கள் இடமிழக்க நேரும் என்பதற்கு அதுவே சான்று. முத்து இழக்கவிருந்ததும் அவ்வாறே.

"பிள்ளைகள் விளையாடவே இடமில்லாத ஊரில் நாய்க்கு நடைபயில இடமா?" என்று வினவுவாரும் உளர். நேர்மையான வினா அது. திடல் முதலிற் பிள்ளைகளுக்கே உரியது என்பதை யானும் ஒப்புகின்றேன். பந்தாட்டம் நிகழும் மாலைகளில் யாங்கள் உள்ளே புகுவதில்லை. ஆயின் விடியற்காலையில் வெறுமையாய்க் கிடக்கும் மூலையொன்றை, கயிறிட்ட நாய்கள் நடத்தற்கென ஊராட்சியோ நகராட்சியோ ஒதுக்குமாயின் அதனால் எவர்க்கு இழப்பு? வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று உடையோர்க்கே அங்கு இடமென்று விதிக்கலாம். தடுப்பூசி இடாதோரும் அவ்வாற்றால் இட முன்வருவர்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு யான் சென்றேன். தவணை நாள் முடிந்திருந்தது. தந்தையார் அதைப்பற்றிப் பேசவில்லை. மறுநாட் காலை திடலுக்குச் சென்றபோது, அதே லேபரடார் நாய் எதிரே வந்தது. இம்முறை அதன் கழுத்திற் கயிறிருந்தது. அதற்குரியவர் முப்பதடியில் நின்று, "அருகில் வரலாமா தம்பி?" என்று கேட்டார். முத்துவை நோக்கினேன். காதுகள் பின்னிழுத்திருந்தன, ஆயினும் ஈரலை உண்டது. "இன்று வேண்டாம் ஐயா. இருவரும் ஒரே பக்கமாய் நடப்போம்" என்றேன். அவர் ஒப்பினார். இடையே இருபதடி விட்டு, திடலை இரண்டு சுற்றுச் சுற்றினோம். கிழிந்த காது ஒருபுறம் மடிந்தே ஆறியிருந்ததை யான் அப்போதுதான் கண்டேன். முத்து ஒருமுறை அந்நாயை நோக்கித் தாழ்ந்த குரலில் உறுமியது. யான் அடிக்கவில்லை, இரண்டடி விலகி நடந்தேன். அதன் பின் அது உறுமவில்லை.